நல்ல பீரை முடிவு செய்வது எது: ஹாப்ஸா, ஈஸ்ட்டா, மலைக்குளிரா?

ஜனவரி 6 (குன்னூரில் பிறந்து இப்போது டென்வரில் இருக்கும் தம்பியின் கேள்வி)

அண்ணா, இங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிற நண்பர்களுக்குள் பெரிய வாதம். ஒரு பீரை உச்சத்துக்குக் கொண்டுபோவது எது? பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூதான் என்பது என் கட்சி. நல்ல ஹாப்ஸை அள்ளிப் போட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். ஆனால் என் பீரில் கசப்பு ஏறவே மாட்டேன் என்கிறது. கணக்குப்படி போட்டும் நாக்கில் தெரிவது குறைவு. எனக்குப் பழைய ஹாப்ஸை விற்றுவிட்டார்களா?

ஜனவரி 6, இரவு

ஹாப்ஸ் மேல் பழி போடாதே தம்பி. பாத்திரத்தில் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார். தளதளவென்று கொதிக்கும்போதும் 95 டிகிரியைத் தாண்டாது. டென்வர் 1,600 மீட்டர் உயரம். நம் கோத்தகிரி அதற்கும் மேலே, 1,790 மீட்டர் பக்கம். இங்கே 94 டிகிரியில் தண்ணீர் கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 92, 93 தான். முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள். மலையில் கொண்டைக்கடலை குக்கர் இல்லாமல் வேகாமல் கிடப்பது இதனால்தான்.

ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது, அந்த நிலையில் பெரிதாகக் கசக்கவும் செய்யாது. கொதியில் கிடந்து அது ஐசோ ஆல்ஃபா அமிலமாக மாறினால்தான் பீரின் கசப்பு வரும். அந்த மாற்றம் சூட்டைப் பார்த்து நடக்கிற வேலை. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் நடக்கிற வேகத்தை ஒன்று என்று வைத்தால், கோத்தகிரியில் பத்தில் ஆறு பங்கு, ஊட்டியில் ஏறக்குறையப் பாதி. புத்தகத்தில் இருக்கும் கணக்கு கடற்கரைக்காரர்கள் போட்டது. கசப்புக்காக முதலில் போடும் ஹாப்ஸைக் கூட்டு, இல்லையென்றால் நேரத்தைக் கூட்டு. வாசனைக்காகக் கடைசியில் போடுவதைத் தொட வேண்டாம்.

ஜனவரி 7

“அப்படியானால் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் முடிந்ததே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டவே வேண்டாம். ஹாப்ஸ் உதிர்ந்து தூளாகும், நுரையோடு மேலே ஏறும், வெயிட் உட்காரும் துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வெளியேற வழியில்லை. குக்கர் வெடித்த சமையலறையை ஒரு தடவை பார்த்தவர்கள் இந்த யோசனையைச் சொல்லமாட்டார்கள். கூடுதலாக ஒரு பிடி ஹாப்ஸ் போடுவது எவ்வளவோ மேல்.

ஜனவரி 9

கொதி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி. பில்ஸ்னர் மால்ட் மாதிரி லேசான சூட்டில் மட்டும் உலர்த்திய வெளிறிய மால்ட்டில் ஒரு சத்து உண்டு. சூட்டில் அது டைமெத்தில் சல்ஃபைடாக உடையும். பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசனை அடித்தால் இதுதான். கொதிக்கும்போது உடைந்து ஆவியோடு போய்விட்டால் கவலை இல்லை. 94 டிகிரியில் உடைவதும் மெதுவாகத்தான். அதனால் மலையில் காய்ச்சுகிறவர்கள் வெளிறிய மால்ட் என்றால் ஒரு மணி நேரத்தோடு அடுப்பை அணைக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம், மூடி போடாமல். மூடினால் போக வேண்டிய ஆவி திரும்பச் சொட்டிப் பாத்திரத்துக்குள்ளேயே விழும். அடுப்பை அணைத்த பிறகு மால்ட் சாற்றை விரைவாக ஆற்றிவிடு. சூடாக அப்படியே கிடந்தால் சத்து உடைந்துகொண்டே இருக்கும், ஆனால் வெளியேற்றக் கொதி இருக்காது.

ஜனவரி 12

இதுவரை எழுதியது கொதியைப் பற்றி மட்டும். கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் பதில்: ஈஸ்ட் வேலை செய்யும்போது இருக்கும் சூடு. ஹாப்ஸும் மால்ட்டும் தண்ணீரும் அதற்கு அப்புறம்தான். பெங்களூரில் ஒரு மைக்ரோ ப்ரூவரியில், அதாவது சிறிய பீர் ஆலையில், காய்ச்சும் பக்கம் பல வருஷம் இருந்தேன். ஒரு கோடையில் இரண்டு டாங்கில் ஒரே நாளில் ஒரே கோதுமை பீரை நிரப்பினோம். ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே பாக்கெட் ஈஸ்ட். ஒரு டாங்குக்குக் குளிர்நீர் கொண்டுபோகும் குழாய் பழுதாகி, முதல் இரண்டு நாளும் சூடு முப்பதை நெருங்கியது. பழுது பார்த்து இறக்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நல்ல டாங்கில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அளவாக, அழகாக வந்திருந்தன. மற்றதில் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தின்னர் நெடி. குடித்தவர்களுக்குத் தலைவலி வேறு. அந்த டாங்கை முழுக்கச் சாக்கடையில் விட்டோம். எந்த ஹாப்ஸாலும் அதைத் திருப்பி எடுத்திருக்க முடியாது.

ஈஸ்ட் உழைக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். அறை 20 டிகிரி என்றால் பீர் நொதிக்கும் டிரம்முக்குள் 23, 24 கூட இருக்கும். அறையின் சூட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதே, டிரம்மின் மேல் தெர்மாமீட்டரை ஒட்டி மேலே துணி சுற்றிப் பார். மிதமான சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீரின் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20, குளிரில் நொதிக்கும் லாகர் வகையின் ஈஸ்ட்டுக்கு 9 முதல் 12. முதல் மூன்று நாள் இதைக் காப்பாற்றிவிட்டால் பெரும்பகுதி வெற்றி. லாகர் என்றால் முடியும் நேரத்தில் 16 டிகிரி வரை மெல்ல ஏறவிடு. வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டிலை ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஜனவரி 12, சற்றுப் பிறகு

“ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் வந்த பீர்ச் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதானே இருக்கிறது, ஈஸ்ட்டைச் சொல்லவே இல்லையே” என்று கேட்டவருக்கு: சொல்லவில்லை, உண்மைதான். ஈஸ்ட் என்ற உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதே பவேரியாவில் 1553இல் இன்னொரு கட்டளை வந்தது: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினது கெட்டுப்போகிறது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஈஸ்ட்டின் பெயர் தெரியாமலே அதற்கு வேண்டிய குளிரைச் சட்டமாக எழுதிவிட்டார்கள். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தபோதுதான் உழைப்பாளி யார் என்று சரியாகத் தெரிந்தது.

ஜனவரி 15

நம் மலைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இளையவர்கள் பலர் அறியவில்லை. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் என்று ஆக்கினார். அந்த ஐந்தில் பழையது நீலகிரியின் காஸில் ப்ரூவரி, 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நீலகிரி ப்ரூவரி என்று இன்னொன்றும் அந்த ஐந்தில் இருந்தது. வடக்கே பழைய ப்ரூவரிகள் இருந்த ஊர்களைப் பார்த்தாலும் அப்படித்தான்: கசௌலி, சோலன், மர்ரி எல்லாமே மலை.

ஏன் மலை? வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஏறி வந்த ஊர்கள் என்பது ஒரு காரணம். என் மனதுக்குப் பெரிய காரணம் குளிர்தான். ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை 1870களில்தான் ப்ரூவரிக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் இந்தியச் சமவெளியில் 20 டிகிரி வேண்டும் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? ஊட்டியில் ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும். இயந்திரம் வந்த பிறகு பீர் மலையிலிருந்து இறங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தக் கட்டடங்களில் ஒன்றையாவது பாதுகாத்து, மாணவர்கள் போய்ப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கலாம்.

ஜனவரி 19

கொடைக்கானலிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: “தண்ணீரை விட்டுவிட்டீர்களே, பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே?”

நியாயமான கேள்வி. தண்ணீரைப் பின்னால் வைத்தேனே தவிர, ஒதுக்கவில்லை. செக் நாட்டுப் பில்சனில் 1842இல் பொன்னிற லாகர் பிறந்ததற்கு அந்த ஊர்த் தண்ணீர் முக்கியக் காரணம். உப்புச்சத்து மிகக் குறைந்த மெல்லிய தண்ணீர், அதில் ஹாப்ஸின் கசப்பு உறுத்தாமல் வரும். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீர் நேர் எதிர்; ஜிப்சம் நிறைந்தது, பேல் ஏலின் கசப்பைக் கூர்மையாக்கியது. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அதனால்தான் கருக வறுத்த தானியம் போட்ட ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் அங்கே பொருந்தியது.

நீலகிரியும் பழனி மலையும் சார்னோகைட் பாறை. சுண்ணாம்பு அதிகம் கரைந்து வராது. சோலையிலிருந்து வரும் ஊற்றுநீரில் சோப்பு எவ்வளவு நுரைக்கிறது என்று பாருங்கள், கோவை போர்வெல் தண்ணீரோடு ஒப்பிட்டால் தெரியும். ஆகவே நம் தண்ணீர் பில்ஸ்னர் வகைக்குத் தயாராக இருக்கிறது. கசப்பான பேல் ஏலுக்குக் கொஞ்சம் ஜிப்சம் சேர்க்க வேண்டும். ஜிப்சம் தராசில் நிறுத்துப் போடக்கூடிய பொருள், இல்லாததைச் சேர்த்துவிடலாம். சூட்டைப் பாக்கெட்டில் வாங்க முடியாது. அதனால்தான் என் வரிசையில் தண்ணீர் பின்னால் நிற்கிறது.

ஜனவரி 20

“நீங்கள் கோத்தகிரியில் என்ன காய்ச்சுகிறீர்கள்?” என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இங்கே வீட்டில் மது காய்ச்ச 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இடம் தரவில்லை. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வீட்டில் காய்ச்ச மத்திய அளவில் வழி திறந்தார், பிரிட்டனில் 1963இலேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. நமக்கு அந்த வசதி இல்லை. நான் ஈஸ்ட் போடுவதில்லை. பார்லியை முளைகட்டுகிறேன், வறுக்கிறேன், மால்ட் சாறு இறக்குகிறேன், ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்துக் கசப்பைப் பார்க்கிறேன். சூடாக மால்ட் சாறு குடிப்பது இந்தக் குளிருக்கு நன்றாகவே இருக்கிறது.

முளைகட்டவும் மலை உதவுகிறது. பார்லி 15 டிகிரி அளவில் நாலைந்து நாள் நிதானமாக முளைத்தால் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் நன்றாக உருவாகும். கோவை வெயிலில் முளைகட்டினால் வேர் அவசரமாக நீளும், புழுக்க வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். நம் தாத்தாக்கள் காலத்தில் படுகர் நிலங்களில் பார்லி விளைந்தது. இப்போது அந்த இடமெல்லாம் தேயிலை, கேரட், பீட்ரூட்.

ஜனவரி 27

தம்பிக்காகச் செய்து பார்த்தது. ஒரே பொட்டலத்து ஹாப்ஸை இரண்டாக நிறுத்து, ஒரே மால்ட் சாற்றோடு பாதியைக் கோவையில் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். கோவை 411 மீட்டர் உயரம், அங்கே 98 டிகிரிக்கு மேல் கொதிக்கும். இருவரும் ஒரே அளவு பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆவியில் குறைந்ததைத் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டி, உடனே ஆற்றி, புட்டியில் அடைத்தோம். தங்கை மலைக்கு வந்தபோது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தோம்.

சந்தேகமே இல்லை. கோவைப் புட்டி அடிநாக்கில் நின்று கசந்தது. கோத்தகிரிப் புட்டியில் கசப்பு வந்து உடனே போய்விட்டது. தங்கை ஹாப்ஸ் என்ற பெயரையே அதற்கு முன்னால் கேட்டதில்லை. எது எது என்று சொல்லாமல் கொடுத்தும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அதனால் தம்பி, உனக்கு ஹாப்ஸ் விற்ற கடைக்காரர் நிரபராதி.

பிப்ரவரி 3

பீரில் ஏற்றும் கேஸ் பற்றிக் கேட்டவருக்கு. சிப்ஸ் பாக்கெட் மேட்டுப்பாளையத்தில் தொளதொளவென்று இருக்கும், பர்லியார் தாண்டி ஏற ஏற உப்பி, ஊட்டியில் விறைத்து நிற்கும். அது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். கோத்தகிரி உயரத்தில் கெக் என்ற பீர் உருளைக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுத்தால் அட்டவணையில் இருக்கும் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். டென்வரில் இரண்டரை. இதைச் செய்யாமல் “பீர் சப்பென்று இருக்கிறது, மால்ட் சரியில்லை” என்று மால்ட்டைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழேயிருந்து வந்த புட்டியை மேலே திறக்கும்போது நுரை கூடுதலாகப் பொங்குவதும் இதே காரணம். நன்றாகக் குளிரவைத்துவிட்டுத் திற.

பிப்ரவரி 10

ஜனவரி 12இல் ஈஸ்ட் வேலை செய்யும் சூடு என்று எழுதினேன். அதை இன்னும் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வேலை முடிந்து புட்டிக்குள் போன பிறகும் சூடு பீரை விடுவதில்லை. ஒரு பீரைச் சிறப்பாகக் காய்ச்சி, 38 டிகிரி வெயிலில் ஒரு லாரிக்குள் ஒரு வாரம் விட்டால் ஈர அட்டைப்பெட்டியை நக்கின மாதிரி ருசி வந்துவிடும். டிரான்ஸ் 2 நொனினல் என்ற பொருள் அதற்குக் காரணம். குளிரில் இந்த மாற்றம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

வெளிச்சமும் கெடுக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெயில் உடைத்து ஒரு கந்தகப் பொருளாக மாற்றும். மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு நாற்றம். பழுப்புப் புட்டி ஓரளவு தடுக்கும், பச்சைப் புட்டி பெரிதாக உதவாது. மலையில் புற ஊதா கடுமை. குளிராகத்தானே இருக்கிறது என்று மொட்டை மாடியில் கிளாஸை வெயிலில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்திலேயே மணம் மாறிவிடும்.

குடிக்கும்போதும் அதே கதைதான். ஐஸ் போலக் குளிரவைத்தால் நாக்கு மரத்துவிடும். லாகருக்கு 5, 6 டிகிரி சரி. நல்ல ஏலை 11, 12இல் குடித்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் நம் சமையலறை அலமாரியின் சூடு அதுதான்.

பிப்ரவரி 11

“எல்லாம் சீமைக் கதை, நம் பக்கத்தில் தானியத்தை நொதிக்கவைத்தவர்களே இல்லையா?” என்று ஒரு பெரியவர் கோபப்பட்டிருக்கிறார். ஐயா, தாராளமாக இருந்தார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து கள் இறக்கும் முறையே இருக்கிறது. அரிசிக் களியை வாயகன்ற பிழா என்ற தட்டுப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, அதன்பின் நொதிக்கவைக்கும் நல்லடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் விளையவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆறவிடும் அடி. சூட்டோடு கலந்தால் நுண்ணுயிர் செத்துப்போகும் என்பதைக் கைப்பழக்கமாகத் தெரிந்து வைத்திருந்திருக்கிறார்கள்.

ராகியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிக்கிமில் கேழ்வரகிலிருந்துதான் தோங்பா என்ற நொதித்த பானம் செய்கிறார்கள். முளைகட்டிய ராகியில் மாவை உடைக்கும் நொதி நன்றாகவே உண்டு. ஆனால் அதன் மாவுச்சத்து பார்லியைவிட அதிகச் சூட்டில்தான் வேகும். தனியாகக் கஞ்சி காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆற்றி, பிறகு பார்லி மால்ட்டோடு சேர்த்தால் சாறு இனிப்பாக இறங்குகிறது. ராகி கலந்த சாற்றை நான் விரும்பிக் குடிக்கிறேன். லேசான மண்வாசனை, கொஞ்சம் கொட்டைப் பருப்பு மணம்.

பிப்ரவரி 13

ஹாப்ஸை நீலகிரியில் வளர்க்கலாமா என்று இரண்டு பேர். கொடி வளரும். பூதான் சிக்கல். அதற்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரியில் இருக்கிறோம், பகல் எப்போதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். கொடி வளர்ந்து முடிவதற்குள் பூக்கத் தொடங்கி, விளைச்சல் கொஞ்சமாகத்தான் வரும். இந்தியாவில் ஹாப்ஸ் விளைந்தது இமாசலத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில். குளிர் நம்மிடம் இருக்கிறது, பகலின் நீளம் இல்லை.

பிப்ரவரி 22

டென்வர்த் தம்பி பதில் எழுதிவிட்டான். கசப்புக்கான ஹாப்ஸைக் கூட்டி, ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டு, டிரம்மைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி 18 டிகிரியில் வைத்திருந்தானாம். “இதுவரை காய்ச்சியதிலேயே இதுதான் அண்ணா. பார்த்தீர்களா, ஹாப்ஸ் கூட்டினதும் எப்படி வந்திருக்கிறது” என்று முடித்திருக்கிறான்.

தம்பி, மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுகிறாய். அடுத்த தடவை இப்படிச் செய். ஒரே சாற்றை, ஒரே ஹாப்ஸோடு காய்ச்சி, இரண்டு டிரம்மில் பிரி. ஒன்றைத் தொட்டிக்குள் 18 டிகிரியில் வை. மற்றதை ஹீட்டர் ஓடும் ஹாலில் வை. இரண்டும் முடிந்து புட்டியில் தெளிந்த பிறகு, மூன்று கிளாஸ் எடு. இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் மற்றது. எதில் எது என்று தெரியாமல் உன் நண்பர்களுக்குக் கொடு. முதலில் வேறாக இருப்பதைச் சுட்டிக்காட்டச் சொல், அப்புறம் எது பிடித்தது என்று கேள். ஆளுக்கு ஆள் கிளாஸின் வரிசையை மாற்று, இல்லையென்றால் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் சொல்லிவிடுவார். முடிவு ஹாப்ஸ் கட்சிக்குச் சாதகமாக வந்தாலும் அப்படியே எழுதிவிடு, இங்கே எல்லோரும் காத்திருக்கிறோம்.